இரண்டே குமிழ்கள்

என் அண்ணனுடைய கிதாரில் இரண்டே குமிழ்கள்தான் உண்டு. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று அந்தச் சத்தத்தைக் கூராக்கவோ மழுங்கடிக்கவோ. மூன்றாவதாக ஒன்று இருந்தால் நல்லது என்று சொன்னவர்கள் எல்லோரிடமும் அவன் சண்டை போட்டிருக்கிறான். அவன் வாழ்க்கையில் வந்த தகராறுகளில் பாதி அந்த மூன்றாவது குமிழால் வந்தவை. மீதிப் பாதி அவன் வாயால் வந்தவை. குமிழை நாப் என்பார்கள் கூட வாசித்தவர்கள்; அவனுக்கு ‘ரெண்டு நாப்’ என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயரை அவன் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

நான் அவனுடைய ஒரே தங்கை. ஐம்பதைத் தொடப்போகிற என்னை இன்றைக்கும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவான். பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது என் வேலை. பல்வலியோடு வருகிற யாரும் பூசி மெழுகிப் பேசிப் பார்த்ததில்லை. அவர்களோடு இருந்து இருந்து எனக்கும் அது வராமலே போய்விட்டது. அதனால் இதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரும் மின்விசிறியும் அவனிடம் வரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி இழுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பான். அந்த வார்னிஷ் நாற்றம் அவனோடு வீட்டுக்கு வரும். அண்ணி அவன் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மோட்டாரின் பெல்ட், அவனுடைய இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துவிட்டது. நுனி போய்விட்டது. கிதாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான். இனி கிதாரை மாட்டி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவன் மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கற்றுக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

கடையில் விற்கிற கிதாரின் கழுத்து எதுவும் அந்தக் கைக்குச் சரிவரவில்லை. அதனால்தான் தனக்கென்று ஒன்று செய்யச் சொன்னான். ஊர் ஓரத்தில், தகரக் கூரை போட்ட பட்டறையில் ஒருவர் கிதார் செய்துகொண்டிருந்தார். காரில் ஒடுக்கு விழுந்த இடத்தை அடைக்கிற பசையை ஒரு கட்டையில் அப்பி, அதை அண்ணனைப் பிடிக்கச் சொன்னார். அது காய்ந்ததும், அவன் கை பதிந்திருந்த அச்சைப் பார்த்துக் கழுத்தைச் செதுக்கினார். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. நான் கையில் வாங்கிப் பார்த்தபோது கோணலான கட்டை மாதிரி இருந்தது. அண்ணன் பிடித்தபோது அவன் கையோடு வளர்ந்தது மாதிரி இருந்தது. அது வரைக்கும் சண்டை இல்லை. குமிழ் விஷயத்தில்தான் வந்தது. கூடப் போயிருந்த நான், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மூணு பிக்கப் வச்சுக்குங்க. அஞ்சு வழி சுவிட்ச் போட்டுத் தரேன்” என்றார் கிதார் செய்பவர். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்குகிற காந்தச் சுருள். “எல்லா விதமான சத்தமும் வரும்.”

“எல்லா விதமும் எனக்கு எதுக்கு? எனக்கு ஒரு தொண்டைதான இருக்கு?”

“நாளைக்கு ஆசைப்பட்டா?”

“நாளைக்கு ஆசைப்பட்டா நாளைக்கு வரேன். இன்னிக்கு ஒரு பிக்கப், ரெண்டு நாப்.”

அந்த ஒரு பிக்கப்பையும் அவரைச் சுற்ற விடவில்லை. தன் கடையிலேயே, மயிரிழை மாதிரியான கம்பியை வைத்து அவனே சுற்றினான். நான்கைந்து தடவை அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் வீட்டில் யாரும் அவனிடம் பேசக்கூடாது. “வீட்டு ஃபேன் ஒரு வருஷமா நின்னு கிடக்குது, அதைச் சுத்த நேரமில்ல” என்றாள் அண்ணி. அவளுக்கு அவனைப் பிடிக்கும். அதனால்தான் அதோடு விட்டாள்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சத்தம், அவன் விரலிலிருந்து கிளம்பியபடியே, நடுவில் யாரும் கலர் பூசாமல், இன்னொருவர் காதில் போய் விழவேண்டும். பேர் வாங்கவேண்டும், மேடை மேடையாகப் போகவேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு காது போதும். இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஹோட்டல் விருந்துகளுக்கு வாசிக்கிற குழு ஒன்றை நடத்துகிறார். அவர் மேடையில் ஏறுவதில்லை. கூடத்தின் கடைசியில் மிக்ஸர் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு வெளியே போகவேண்டும் என்று பார்த்துக்கொள்வார். கெட்டவர் இல்லை. சண்டை என்று வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுகிற ஆள். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் சரி என்பார். கல்யாணமான புதிதில் அதைத் தங்கமான குணம் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பெரிய ஹோட்டல் ஒன்றில் மதிய விருந்துக்கு இவர்கள் வாசிப்பார்கள். பாடுகிற பெண் ஒருத்தி, டிரம்ஸ்காரர், கீபோர்டுக்காரர், கிதாருக்கு என் அண்ணன். ஒரு பாட்டுக்குக் கிதார் சீறவேண்டும், ஒரு பாட்டுக்கு மணி மாதிரி ஒலிக்கவேண்டும், ஒரு பாட்டுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கவேண்டும். அண்ணனுடையது எல்லாப் பாட்டுக்கும் அண்ணனுடையது மாதிரியே இருந்தது. ஹோட்டல் மேனேஜர் இவரைக் கூப்பிட்டு முகம் சுளித்தார். இவர் கலர் கலராய் விளக்கு எரிகிற பெடல் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தார். காலால் மிதித்தால் சத்தம் மாறும். அண்ணன் அதன்மேல் தன் டீக் கோப்பையை வைத்துவிட்டு வாசித்தான்.

அந்தச் சண்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்துபோனார்கள். அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “எங்கண்ணனைக் குழுவுலேருந்து எடுத்தீங்கன்னா இந்த வீட்ல உங்களுக்கு நிம்மதி இருக்காது” என்றேன். அவர் வழக்கம்போலச் சரி என்றார்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து சண்டை நின்றுவிட்டது. பெடல் பரணுக்குப் போனது. “மச்சான், உங்களுக்குப் புடிச்ச மாதிரியே வாசிங்க” என்று இவரே சொன்னாராம். அண்ணன் வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு முரட்டு ஆட்களை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். வருஷங்கள் அப்படியே ஓடின. ஒரு தடவை நீலக் கோட்டு போட்ட ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்து, “அந்த கிதார் சத்தம் அழுற மாதிரி இருந்துச்சுங்க” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு அண்ணன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கடை முதலாளி, அண்ணி, மோட்டார் கொண்டுவருகிறவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டிருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் “வெறும் ரெண்டு நாப்” என்று இரண்டு விரலைக் காட்டுவான்.

நான் அந்த ஹோட்டலுக்குப் போவது குறைவு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கும். அன்றைக்கு ஹோட்டல்காரர்கள் குழுவில் இருப்பவர்களின் வீட்டு ஆட்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் போனேன். மேடைக்குப் பக்கத்து மேஜையில் எனக்கு இடம் கிடைத்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும், கிதாரைத் தோளில் மாட்டியபடியே அண்ணன் என்னிடம் இறங்கிவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“பாப்பா, ரொம்பக் கேவலமா இருந்துச்சா?”

“எதுண்ணா?”

“டோன் நாப், அந்த ரெண்டாவது. உள்ள தூசி போயிருக்கு போல. திருப்புனா கரகரன்னு கத்துது. ஹால் பூரா கேட்டிருக்குமே.”

“எனக்கு ஒன்னும் கேக்கலயே” என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

“கேக்காம எப்படி இருக்கும்? என் காலடி ஸ்பீக்கர்ல காதைக் கிழிக்குது.”

“கேக்கலண்ணா. போய் வாசி.”

அவன் நாளெல்லாம் மின்சாரக் கம்பியோடு புழங்குகிறவன். ஒரு இடத்தில் வருகிற கோளாறு இன்னொரு இடத்தில் வராவிட்டால் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மேடைக்குப் போனான். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே அந்தக் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினான். நான் தலையை ஆட்டினேன், கேட்கவில்லை என்று. மறுபடி திருப்பினான். நான் மறுபடி தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே ஆட்டினேன்.

பிறகு அவன் குனிந்து, கிதாரில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கினான்.

கூடத்தில் கிதார் கேட்டுக்கொண்டே இருந்தது. அழகாக, மணி மாதிரி. கேபிளின் நுனியைக் கையில் பிடித்தபடி அவன் நின்றான். அவனுக்கு நேர் எதிரே கீபோர்டுக்காரரின் வலது கை ஓடிக்கொண்டிருந்தது. கிதார் சத்தம் அந்தக் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார், விரல் ஒரு இடத்தில் தடுக்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாட்டு நின்றுவிடுமே.

இடைவேளையில், சமையலறைக்குப் பின்னால் அழுக்குத் தட்டுகள் அடுக்கிவைக்கிற நடையில் அண்ணன், என் வீட்டுக்காரர், கீபோர்டுக்காரர், நான் என்று நாலு பேர் நின்றோம். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

“எப்போலேருந்து மாப்பிள்ளை?”

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “அந்தப் பெடல் சண்டை வந்துச்சே. அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து.”

அந்தச் சண்டையின்போது எங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

“உங்க காலடி ஸ்பீக்கருக்கு மட்டும் உங்க சத்தத்தை விட்டுருவேன். வெளிய கீபோர்டுல வாசிக்கிற கிதார் போகும். மேனேஜர் உங்கள எடுங்கன்னாரு. உங்க தங்கச்சி எடுக்கக் கூடாதுன்றா. நடுவுல நான் என்ன பண்ணட்டும் மச்சான்? ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன்.”

“எடுக்காதீங்கன்னு சொன்னேன். ஊமையாக்குங்கன்னா சொன்னேன்?” என்று பாய்ந்தேன்.

“எப்படி வச்சுக்கணும்னு நீ சொல்லலயே” என்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்றான் அண்ணன்.

“சொன்னா வந்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

அண்ணன் கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பினான். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்காதே என்று அவன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டான்.

“நீலக் கோட்டு போட்டுட்டு ஒருத்தர் வந்தாரே. அழுற மாதிரி இருந்துச்சுன்னு.”

அந்த மனுஷன் தரையைப் பார்த்தார். “அது நான் வாசிச்சதுண்ணா” என்றார். வாயை அதோடு மூடியிருக்கலாம். “கீபோர்டுல முப்பத்தேழாம் நம்பர் சத்தம்ண்ணா” என்று விளக்கமும் கொடுத்தார்.

ஒரு பையன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவில் புகுந்துபோனான். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். ஒரு மனுஷனின் இத்தனை வருஷத்துப் பெருமை அங்கே எச்சில் தட்டுகளோடு கிடக்கிறது, நாங்கள் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரண்டு பேரையும் அறையவேண்டும் போல இருந்தது. யாரை முதலில் என்றுதான் தெரியவில்லை.

“அடுத்த பாட்டுக்குத் திறந்து விடுங்க” என்றான் அண்ணன். “ஒரு பாட்டு. கீபோர்டுல கிதார் வேண்டாம். கிதார் முன்னால வர்ற அந்த மெதுவான பாட்டு.”

“மச்சான், மேனேஜர் ஏற்கனவே ஆளுங்க வேண்டாம், ரெக்கார்டு போட்டுக்கலாம்னு சொல்லிட்டு இருக்காரு. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா குழுவையே...”

“ஒரு பாட்டு.”

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. சரி என்றார். அவர் சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. அதனால் என் மேஜைக்குப் போகாமல், அவரோடு நடந்து மிக்ஸர் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

பலகை முழுக்க மேலும் கீழும் நகர்த்துகிற பட்டை பட்டையான விசைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளை டேப் ஒட்டி, யாருடையது என்று எழுதியிருந்தார். ஒன்றில் ‘மச்சான்’ என்று இருந்தது. மற்ற விசைகளின் முனைகளெல்லாம் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன. அது மட்டும் கடையில் வாங்கியபடியே புதிதாக, அடிமட்டத்தில் கிடந்தது. இவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் வைத்தார். மேடையில் அண்ணன் ஆரம்பித்தான். இவர் விசையை மெதுவாக மேலே தள்ளினார், பாதி, முக்கால், முழுசாக. விரலை எடுக்கவில்லை.

சாப்பாடு பரிமாறுகிற பக்கத்திலிருந்து மேனேஜர் திரும்பினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, குறைக்கச் சொல்லிக் காட்டினார். இவர் பார்க்காதது மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவு அழுத்தம். மேனேஜர் மேஜைகளுக்கு நடுவே நடந்து எங்களிடமே வந்துவிட்டார். “சார்” என்றார். “ஒரே ஒரு பாட்டுங்க” என்றார் இவர். “சார், குறைங்க.” விசை ஒரு மயிரிழை கீழே வந்தது, நான் பார்த்தேன். மறுபடி மேலே போனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் ஒருவரை எதிர்த்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாட்டு முடிந்துவிட்டது என்பதே பேருக்கு எழுந்த கைதட்டலைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் விசை உச்சியில்தான் இருந்தது.

அண்ணன் மிச்சப் பாட்டுகளுக்கு நிற்கவில்லை. கேபிளைச் சுற்றி, கிதாரைப் பெட்டியில் வைத்து, பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. கூடத்தில் ஒன்றும் குறையவில்லை. கிதார் வழக்கம்போலக் கேட்டது. மேனேஜருக்கு வந்த குறை வேறு. “கிதாரோட ஒருத்தர் நிப்பாரே, எங்க அவரு? மேடை மொட்டையா இருக்கு” என்று கேட்டாராம். இப்போது ஹோட்டலில் துணிகளுக்குக் கணக்கு வைக்கிற ஆள் ஒருவர், குமிழும் சுவிட்சுமாக நிறைந்த ஒரு கிதாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். தலைமுடி நன்றாக இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

எங்கள் மேஜை மின்விசிறி எரிந்துபோனதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அண்ணனைப் பார்க்க வைண்டிங் கடைக்குப் போனேன். அதுவரை அவன் என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. விசிறியைப் பிரித்து, கருகிய சுருளை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான்.

“பாப்பா, அன்னிக்கு நிஜமாவே திறந்துதான் விட்டாரா?”

இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் மூச்சுவிடாமல் சொன்னேன். “முழுசாத் திறந்தாருண்ணா. நான் பக்கத்துலயே நின்னேன். மேனேஜர் வந்து குறைங்க குறைங்கன்றாரு, இவரு அசையல. கடைசி வரைக்கும் உச்சியிலதான் இருந்துச்சு.”

அவன் முகம் தெளிந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. முக்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“யாராவது திரும்பிப் பாத்தாங்களா?”

“தெரியலண்ணா. நான் அந்தப் பக்கம் பாக்கல.”

“சரி, அவங்க கிடக்கட்டும். திங்கிறதுக்கு வந்தவங்க. நீ கேட்டல்ல? வெளிய எப்படி இருந்துச்சு, சொல்லு. நான் ஒரு தடவை கூட வெளிய நின்னு கேட்டதில்ல.”

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்த வெளுத்த நகம் நினைவுக்கு வந்தது. ‘மச்சான்’ என்று எழுதிய டேப், மேனேஜரின் கவிழ்ந்த உள்ளங்கை, ஒரு மயிரிழை இறங்கி ஏறிய விசை, எல்லாம் வந்தன. கிதார் சத்தம் வரவில்லை. எவ்வளவு தேடியும் ஒரு சின்னத் துண்டுகூட வரவில்லை. நல்லா இருந்துச்சுண்ணா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் இவரு கையையே பாத்துட்டு நின்னுட்டேன்ணா” என்றேன்.

அவன் எழுந்துபோய் விசிறியின் சுருளை எடுத்து, கம்பியை வெட்ட ஆரம்பித்தான்.

“வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ” என்றான்.